சந்தனம் பூசாத டெஸ்டர்

நாளைக்கு ஆயுத பூஜை. போன வாரம் நான் கடைப் பக்கம் வந்திருந்தபோது உங்களில் ஒருவர் கேட்டார்: "ஸ்பேனருக்குச் சந்தனம் வைக்கிறோம், சார்ஜருக்கு வைக்கிறோம், வண்டிக்கு மாலையே போடறோம். லோடு டெஸ்டருக்கு மட்டும் ஒண்ணும் கெடையாதாமே, ஏன் சார்?" நான் "போய் வேலையப் பாருப்பா" என்று எரிந்து விழுந்தேன். கேட்டவர் மேல் கோபம் இல்லை. பதில் சொன்னால் என் மானம் போகும், அதுதான். வீட்டுக்குப் போய்ப் படுத்தால் தூக்கம் வரவில்லை. சரி, வேலையை விட்டு ஓய்ந்து உட்கார்ந்தவனுக்கு இனிமேல் என்ன மானம் வேண்டிக் கிடக்கிறது? எழுதித் தருகிறேன், கடையில் இப்போது வேலை பார்க்கிற நான்கு பேரும் படியுங்கள்.

திண்டிவனத்தில் இந்தத் தொழிலில் எனக்குப் பாதி ஆயுள் கழிந்தது. முதலில் லாரி பேட்டரி, அப்புறம் வீட்டு இன்வெர்ட்டர் பேட்டரி. கடைசிக் காலத்தில்தான் இந்த கேம்பர் டிரெய்லர்கள் வர ஆரம்பித்தன. ஜீப்புக்குப் பின்னால் மாட்டி இழுத்துப் போகிற குட்டி வீடு அது. உள்ளே கட்டில், அடுப்பு, ஃபிரிட்ஜ், ஃபேன் எல்லாம் இருக்கும். கொண்டுபோய் நிறுத்துகிற இடத்தில் கரண்ட் கம்பம் இருக்காது. கட்டிலுக்கு அடியில் இருக்கிற இரண்டு பேட்டரிதான் அந்த வீட்டுக்குக் கரண்ட் ஆபீஸ். லாரி பேட்டரி படுத்தால் நாலு பேர் சேர்ந்து தள்ளலாம். வீட்டு இன்வெர்ட்டர் படுத்தால் விசிறிக்கொண்டு உட்காரலாம். ஏரிக்கரையில் நிற்கிற டிரெய்லரில் பேட்டரி படுத்தால் கேட்க நாதி கிடையாது. இதை எல்லோரையும்விட நன்றாகத் தெரிந்தவன் என்று மார் தட்டிக்கொண்டிருந்தவன் நான்.

லோடு டெஸ்டர் எதற்கு என்று உங்களுக்குத் தெரியும், ஆனாலும் ஒருமுறை சொல்கிறேன். சார்ஜரிலிருந்து இப்போதுதான் கழற்றிய பேட்டரியில் வெறும் மீட்டரை வைத்தால் எப்போதும் நல்ல நம்பர்தான் காட்டும். நம்ம ஊர் மண்டியில் மல்லாட்டை மூட்டை தூக்க ஆள் எடுக்கிறார்களே, சட்டையைப் பார்த்தா எடுக்கிறார்கள்? ஒரு மூட்டையை முதுகில் ஏற்றி நாலு எட்டு நடக்கச் சொல்வார்கள். டெஸ்டர் செய்வது அதே வேலைதான். இரண்டு முனையிலும் அழுத்திப் பத்து எண்ணினால், உள்ளே செல் செத்த பேட்டரியாக இருந்தால் முள் தொபீரென்று கீழே விழும். பத்து எண்ணுகிற நேரம், அவ்வளவுதான் வேலை.

கோட்டக்குப்பத்திலிருந்து ரஹீம் பாய் என்று ஒருவர் நம்மிடம் வருவார். கல்ஃபில் இருபது வருஷம் இருந்துவிட்டு வந்தவர். அங்கே குளிர்காலத்தில் குடும்பம் குடும்பமாகப் பாலைவனத்தில் டிரெய்லரைப் போட்டுத் தங்குவார்களாம். அதைப் பார்த்துப் பார்த்து ஆசைப்பட்டு, ஊருக்கு வந்ததும் வெல்டரைப் பக்கத்திலேயே வைத்துக்கொண்டு தானே ஒன்று செய்தார். தச்சு வேலை முழுக்க அவர் கைதான். அந்த நேரம் பார்த்து அவர் சம்சாரம் நூர்ஜஹான் அம்மாவுக்குக் கொரோனாவில் நுரையீரல் பாழாகிவிட்டது. அதிலிருந்து ஆக்சிஜன் மெஷின் இல்லாமல் அவரால் இருக்க முடியாது. டிரெய்லர் இரண்டு வருஷம் வீட்டு வாசலில் தார்ப்பாய் மூடிக் கிடந்தது.

ஒரு நாள் இரண்டு பேரும் சேர்ந்து கடைக்கு வந்தார்கள். அந்த அம்மா மூக்கில் குழாய், மடியில் வழிக்கு வைத்திருக்கிற சின்ன ஆக்சிஜன் சிலிண்டர். ஜீப்பிலிருந்து இறங்காமலே என்னைக் கூப்பிட்டுப் பேசினார்.

"அண்ணே, ரெண்டு வருஷமா ஜன்னலயும் சுவத்தையும் பாத்துக்கினு கீறேன். ஒரு நாளு, ஒரே ஒரு நாளு, எங்கனா ஏரிக்கரையில போய் உக்காந்து டீ குடிக்கணும். டாக்டரு இன்னா சொல்றாருன்னா, மெஷின் நிக்காம பாத்துக்கினா தாராளமா போய்ட்டு வாங்கன்றாரு. நிக்காம பாத்துக்கறது உங்க கையில தான் கீது."

"மெஷின் நின்னா இன்னா ஆவும்மா?" என்று கேட்டேன். கேட்காமல் இருந்திருக்கலாம்.

"அஞ்சு நிமிஷம் தாங்குவேன். பத்து நிமிஷம் ஆனா ஒதடு நீலமா ஆயிடும். அதுக்கப்புறம் எனக்கே தெரியாது," என்று சிரித்தார்.

ஆக, எனக்குத் தெரியும். தெரியாமல் செய்த தப்பு என்று சொல்லித் தப்பிக்க எனக்கு வழியில்லை.

ஆயுத பூஜைக்கு இரண்டு நாள் முன்பு பாய் இரண்டு பேட்டரியையும் கொண்டுவந்து போட்டார். பூஜைக்கு மறுநாள் விஜயதசமி, லீவு நாள், அன்றைக்கு மண்டகப்பட்டுப் பக்கம் ஏரிக்கரைக்குப் போவதாகத் திட்டம். நானே தண்ணீர் ஊற்றி, துடைத்து, சார்ஜில் போட்டேன். பூஜை அன்றைக்குக் காலையில் கடையைக் கழுவிவிட்டோம். மத்தியானம் எல்லாக் கருவியையும் சாமி படத்துக்கு முன்னால் அடுக்கி, என் சம்சாரம் ஒவ்வொன்றுக்கும் சந்தனம் குங்குமம் வைத்தாள். டெஸ்டர் நடுவில் இருந்தது. அதன் தலையில் ஒரு செம்பருத்திப்பூ. கற்பூரம் காட்டியாயிற்று. நம் வழக்கம் உங்களுக்குத் தெரியும்: பூஜையில் வைத்ததை மறுநாள் நல்ல நேரம் பார்த்துத்தான் எடுப்போம். அதுவரைக்கும் கருவிக்கும் ஓய்வு, கைக்கும் ஓய்வு.

சாயங்காலம் ஐந்து மணிக்குப் பாய் வந்தார். செருப்பைத் தெருவிலேயே கழற்றிவிட்டு வாசலோரம் நின்றார். பொரியும் சுண்டலும் கொடுத்தோம், வாங்கிச் சாப்பிட்டார். பேட்டரியை டெஸ்ட் செய்யாதது எனக்கு அப்போதுதான் உறைத்தது. மீட்டர் மட்டும் என் சட்டைப் பையில் இருந்ததால் பூஜைக்குத் தப்பியிருந்தது. அதை வைத்துப் பார்த்தேன், நல்ல நம்பர். என் கண் ஒருமுறை சாமி படத்துப் பக்கம் போனது. பாய் அதைக் கவனித்துவிட்டார்.

"அண்ணே, பூஜையில கீற சாமான் எதுனா வேணும்னா எடுக்க வேணாம். நான் காலையிலகூட வர்றேன். டெஸ்ட்லாம் முன்னாடியே ஆச்சு இல்ல?"

எவ்வளவு மரியாதை பாருங்கள். என் சாமிக்கு அவர் கொடுத்த மரியாதை அது. அதற்கு நான் என்ன சொல்லியிருக்க வேண்டும்? "ஆகல பாய், காலையில வாங்க" என்று சொல்லியிருக்க வேண்டும். அல்லது சாமியைக் கும்பிட்டுவிட்டு டெஸ்டரைக் கையில் எடுத்திருக்க வேண்டும்.

"அதெல்லாம் ஆச்சு பாய். ரெண்டு நாளு தாராளமா வரும், தைரியமா போங்க," என்றேன்.

ஏன் சொன்னேன் என்று எத்தனையோ தடவை யோசித்துவிட்டேன். சாமி குத்தம் ஆகிவிடும் என்ற பயம் பாதி. பூவை எடுத்து, சந்தனத்தைத் துடைத்து, சம்சாரம் முறைப்பதைத் தாங்கி, இத்தனையும் செய்ய வேண்டுமே என்ற சோம்பல் பாதி. அதற்கும் மேலே, இத்தனை வருஷ அனுபவத்தில் பார்த்தாலே தெரியாதா என்ற திமிர். பாய் இரண்டு பேட்டரியையும் ஏற்றிக்கொண்டு சந்தோஷமாகப் போனார்.

கெட்டிக்காரன் புளுகே எட்டு நாள்தான். என்னுடையது ஒரு நாள்கூடத் தாங்கவில்லை.

மறுநாள் மத்தியானம் இரண்டரை மணி இருக்கும். வீட்டில் வடை பாயசத்தோடு சாப்பிட்டு எழுந்து கை கழுவிக்கொண்டிருந்தேன். பாய் போன் செய்தார். குரலே சரியில்லை.

"அண்ணே, மெஷின் பீப்பு பீப்புன்னு கத்துதுண்ணே. இன்வெர்ட்டர்ல பேட்டரி லோன்னு காட்டுது. காலையில பத்து மணிக்குத்தானே வந்தோம்? நாளைக்கு வரைக்கும் வரும்னீங்களே?"

உள்ளுக்குள் எனக்கு விஷயம் புரிந்துவிட்டது. இரண்டில் ஒரு பேட்டரி செத்திருக்கிறது, அது நல்லதையும் சேர்த்து இழுத்துக்கொண்டு போகிறது. வேறு எதுவாகவும் இருக்க முடியாது. ஆனால் வாய் வேறு பேசியது.

"பேட்டரியெல்லாம் டெஸ்ட் பண்ணித்தான் பாய் குடுத்தேன். ஒயரு எங்கனா லூசா கீதா பாருங்க, டைட் பண்ணுங்க. அப்பவும் சரியாவலன்னா ஜீப்பு பேட்டரியிலருந்து ஜம்பர் கேபிள் போட்டு உட்டுடுங்க. ஓடும்."

கவனித்தீர்களா? முழுப் பூசணிக்காயைச் சோற்றில் மறைப்பதற்கு இன்னும் கொஞ்சம் சோற்றை அள்ளிப் போட்டேன். ஒயர் லூசு என்று சொன்னதால் அந்த மனிதர் ஸ்பேனரை வைத்துக்கொண்டு எல்லா முனையையும் இறுக்கிக்கொண்டிருந்தார். ஜம்பர் என்று சொன்னதால் நல்லாயிருந்த ஜீப்பு பேட்டரியையும் கொண்டுபோய்ச் செத்த பேட்டரியோடு கோர்த்தார். என் பொய் தன்னைக் காப்பாற்றிக்கொள்ள ஜீப்பையும் கேட்டது.

நான் கூடத்தில் நின்றுகொண்டே இருந்தேன். சம்சாரம் "இன்னாய்யா ஆச்சு, மூஞ்சி ஏன் இப்பிடி கீது?" என்றாள். கால் மணி நேரம் கழித்து மறுபடி போன்.

"அண்ணே, ஜம்பர் போட்டேன், கொஞ்ச நேரம் ஓடிச்சு. இப்ப மறுபடியும் கத்துது. சரி, கெளம்பிடலாம்னு ஜீப்ப ஸ்டார்ட் பண்ணா கட்டு கட்டுன்னுது, எடுக்கல. வானம் வேற மூடிக்கினு கீது, மேல கீற சோலாரும் ஒண்ணும் குடுக்கல. இங்க ஒரு ஈ காக்கா கெடையாதுண்ணே. நான் இன்னாண்ணே பண்ணுவேன்?" அறுபது வயது மனிதர் அழுதார்.

பின்னால் இன்னொரு குரல் கேட்டது. "போன குடுங்க இங்க." நூர்ஜஹான் அம்மா. ஒரு வார்த்தைக்கும் அடுத்த வார்த்தைக்கும் நடுவில் மூச்சு வாங்கியது.

"அண்ணே. ஒரே ஒண்ணு கேக்கறேன். அந்த பேட்டரிய… நீங்க டெஸ்ட் பண்ணீங்களா?"

தம்பிகளே, தங்கைகளே, இந்தத் தொழிலில் என் மேல் ஆசிட் பட்டிருக்கிறது. பேட்டரி வெடித்து மூடி காதோரம் பறந்து போனதையும் பார்த்திருக்கிறேன். அந்தக் கேள்விக்கு முன்னால் பயந்த மாதிரி என்றைக்கும் பயந்ததில்லை. இல்லை என்று சொன்னால் தொழில் போச்சு, பேர் போச்சு, ஒருவேளை போலீஸ் வரைக்கும் போகும். ஆமாம் என்று சொன்னால் அவர்கள் இன்னும் ஒரு கால் மணி நேரம் ஒயரைத் தடவிக்கொண்டிருப்பார்கள். அந்த அம்மா சொன்ன பத்து நிமிஷக் கணக்கு என் மண்டையில் அடித்தது.

"இல்லம்மா," என்றேன். "பண்ணல. டெஸ்டரு பூஜையில இருந்துச்சு. எடுக்க மனசு வரல. ஆச்சுன்னு பொய் சொல்லிட்டேன். கொஞ்ச முன்னாடி சொன்னதும் பொய்தான். ரெண்டுல ஒண்ணு செத்த பேட்டரிம்மா."

திட்டுவார் என்று நினைத்தேன். திட்டினால் தேவலை என்று நினைத்தேன்.

"சரி," என்றார். "இப்ப இன்னா பண்ணணும்? ஜல்தி சொல்லுங்க."

"மொதல்ல ஆம்புலன்ஸுக்குப் போன் போடுங்க. நான் வர்றேன், ஆனா நான் வருவேன்னு நம்பி உக்காராதீங்க. அவங்க மொதல்ல வரட்டும்."

"வேணாம்னு பாத்தேன். ஒரு நாளாவது ஆஸ்பத்திரி வாசன இல்லாம இருக்கலாம்னுதான் வந்தேன்…" நிறுத்தி மூச்சு வாங்கினார். "சரி. என் போன்ல அவர போடச் சொல்றேன்."

பாய் அந்த அம்மாவின் போனில் ஆம்புலன்ஸுக்குப் பேசுவது கேட்டது. இடத்தைச் சொல்ல முடியாமல் தடுமாறினார். குகைக்கோயில் தாண்டி, ஏரி, புளியமரம் என்று மூன்று தரம் சொன்னார். அரை மணி, முக்கால் மணி ஆகும் என்றார்களாம்.

"சின்ன சிலிண்டர் ஒண்ணு எடுத்தும்போறேன்னு பாய் சொன்னாரே, கீதாம்மா?"

"கீது. முள்ளு செவப்புல நிக்குது. ரொப்பிக்கினு வரலாம்னு பாத்தா பூஜைக்கு எல்லாக் கடையும் மூடிட்டான்."

"பரவால்ல, கால் மணி நேரம் வந்தா போதும். அதுக்கு மாறிக்கோங்க. ஃபிரிட்ஜ், ஃபேன், லைட்டு எல்லாத்தயும் அமுத்துங்க. ஜம்பர கழட்டிடுங்க. இன்வெர்ட்டர ஆஃப் பண்ணுங்க. பேட்டரி பொட்டியைத் தெறந்து, கதவு ஜன்னல் எல்லாம் தெறந்து வைங்க. பொறங்கைய வச்சுப் பாருங்க, ரெண்டுல எது சுடுது?"

பாய் குனிந்து பார்த்துவிட்டு, "ரெண்டும் சுடுதுண்ணே, ரெண்டும் சுடுது!" என்று கத்தினார். பதறிய கைக்கு எல்லாமே சுடத்தான் செய்யும். இரண்டில் நல்லதைக் கழற்றிவிட்டுச் செத்ததை வைத்தால் கதை முடிந்தது.

"தள்ளுங்க," என்று அந்த அம்மாவின் குரல். சிலிண்டர் குழாயை மூக்கில் வைத்துக்கொண்டு அவரே குனிந்திருக்கிறார். "அண்ணே, வலது பக்கத்துது. தோசக்கல்லு மாதிரி கீது. அழுகின முட்ட வாசன வேற அடிக்குது. இன்னொண்ணு சும்மா வெதுவெதுன்னுதான் கீது."

"அதான்ம்மா. அதுதான். பாய், மைனஸ் பக்கத்த மொதல்ல கழட்டுங்க. கறுப்பு ஒயரு. ஸ்பேனரு ரெண்டு முனைலயும் சேந்து படக்கூடாது. அவசரப்படாதீங்க."

அவசரப்படாதே என்று நான் சொல்கிறேன், வீட்டில் நின்றுகொண்டு! ஸ்பேனர் உரசுகிற சத்தம். பாய் ஏதோ ஓதிக்கொண்டே வேலை செய்தார். திடீரென்று 'டங்'கென்று ஒரு சத்தம், அப்புறம் ஒன்றுமே இல்லை. "பாய்! பாய்!" என்று கத்தினேன். சம்சாரம் சமையலறையிலிருந்து ஓடி வந்தாள்.

"ஒண்ணும் இல்லண்ணே. கை நழுவிடுச்சு. கீழதான் விழுந்துச்சு."

இரண்டு ஒயரும் கழன்றன. அந்தப் பேட்டரியை ஒதுக்கிவிட்டு, நல்லதற்கு ஐந்து நிமிஷம் ஓய்வு கொடுக்கச் சொன்னேன். சிலிண்டர் இருக்கும்வரைதான் அந்த ஓய்வு. அப்புறம் இன்வெர்ட்டரைப் போடச் சொன்னேன். ஒரு பீப். நான் கண்ணை மூடிக்கொண்டேன். அடுத்த பீப் வரவில்லை. மெஷின் புஸ்ஸு புஸ்ஸென்று மூச்சுவிட ஆரம்பித்தது.

"ஓடுதுண்ணே," என்றார் அந்த அம்மா. "எவ்ளோ நேரம் ஓடும்?"

முந்தின நாளாக இருந்தால் வாய் தானாக ஒரு கணக்குச் சொல்லியிருக்கும். "தெரியாதும்மா. டெஸ்ட் பண்ணாம நான் சொல்ல மாட்டேன். அரை மணி நேரம்னு வச்சிக்கோங்க. சிலிண்டர்ல மிச்சம் கீறத தொடாதீங்க, மெஷின் நின்னா மட்டும் தெறங்க. ஆம்புலன்ஸ் வர வரைக்கும் அசையாம உக்காந்திருங்க, பேசக்கூட வேணாம்."

போனை வைத்துவிட்டுக் கடைக்கு ஓடினேன். ஷட்டரைத் தூக்கினால் சாமி படம், வாடிப்போன பூ, நடுவில் டெஸ்டர். பூவை எடுத்து ஓரம் வைத்தேன். சந்தனத்தைச் சட்டையில் துடைத்தேன். விற்பனைக்கு வைத்திருந்த பேட்டரியில் கைக்கு முதலில் கிடைத்ததைத் தூக்கப் போனவன் நின்றேன். அழுத்திப் பத்து எண்ணினேன். ஆறு எண்ணுவதற்குள் முள் சரிந்தது. அதை அப்படியே வாரிக்கொண்டு ஓடியிருந்தால்? அடுத்ததை அழுத்தினேன், நின்றது. அதற்கடுத்ததும் நின்றது. அந்த இரண்டையும் குட்டி யானையில் ஏற்றினேன். வண்டியில் முந்தின நாள் கட்டிய வாழைக்கன்று இரண்டு பக்கமும் அப்படியே இருந்தது. அவிழ்க்க நேரமில்லை. செஞ்சி ரோட்டில் வாழை இலை கிழிந்து பறக்க நான் போன வேகத்தைப் பார்த்து எதிரில் வந்தவனெல்லாம் ஒதுங்கினான். ஸ்டியரிங் பிடித்த கையில் சந்தனம் பிசுபிசுத்தது.

நான் போய்ச் சேர்ந்தபோது புளியமரத்தடியில் ஆம்புலன்ஸ் நின்றுகொண்டிருந்தது. அது வந்து பத்து நிமிஷம் ஆயிருந்தது. அது வருவதற்குக் கொஞ்ச நேரம் முன்னால் மெஷின் நின்றுவிட்டது, சிலிண்டரில் இருந்த மிச்சம்தான் ஈடுகொடுத்தது. அந்த அம்மா உள்ளே சாய்ந்து உட்கார்ந்திருந்தார், முகத்தில் மாஸ்க். உதட்டைப் பார்த்தேன். வெளுத்திருந்தது, நீலம் இல்லை. வண்டிக் கதவைப் பிடித்துக்கொண்டேன். ஏரிக்கரையில் ஒரு மடக்கு மேஜை, அதில் இரண்டு டம்ளர் டீ ஆடை கட்டிக் கிடந்தது.

ஜீப்புக்கு நல்ல பேட்டரியைக் கோர்த்து ஸ்டார்ட் செய்து கொடுத்தேன். பாய் பக்கத்திலேயே நின்றார். எல்லாம் முடிந்து "பாய்…" என்று நான் ஆரம்பித்ததும் என் கையைப் பார்த்தார். சந்தனம் காய்ந்து அப்பியிருந்தது.

"நான் உங்க சாமிய மதிச்சேன்ண்ணே," என்றார். "நீங்க என் பொண்டாட்டிய மதிக்கல."

டிரெய்லரை அங்கேயே விட்டுவிட்டு, ஆம்புலன்ஸ் பின்னாடியே ஜீப்பை ஓட்டிக்கொண்டு போய்விட்டார். நான் வெகுநேரம் அங்கேயே நின்றேன். அடித்திருந்தால்கூட அப்படி வலித்திருக்காது.

நாலு நாளில் அந்த அம்மா வீட்டுக்கு வந்துவிட்டார் என்று விசாரித்துத் தெரிந்துகொண்டேன். பாய்க்குப் போன் செய்தேன், எடுக்கவில்லை. டிரெய்லரை நானே போய் இழுத்து வந்து அவர் வீட்டு வாசலில் விட்டேன். வீட்டுக்குள்ளே கூப்பிடவில்லை, நானும் எதிர்பார்க்கவில்லை. கடையில் ஒரு ஆணி அடித்து டெஸ்டரை மாட்டினேன். இனிமேல் இது பூஜைக்கு வராது என்று சம்சாரத்திடம் சொன்னேன். "சாமி கோச்சுக்கப் போவுது" என்றாள். "அது கோச்சுக்கினா நான் கால்ல விழுந்துக்கறேன். இவங்க மூச்சு நின்னா யாரு கால்ல உழறது?" என்றேன். அதோடு விட்டுவிட்டாள்.

அடுத்த வருஷம் ஆயுத பூஜை. அதே ஐந்து மணி, கற்பூரம் காட்டி முடித்திருந்தோம். வாசலில் ஜீப் வந்து நின்றது. பாய் ஸ்டியரிங்கைப் பிடித்தபடி முன்னால் பார்த்துக்கொண்டு உட்கார்ந்திருந்தார். நூர்ஜஹான் அம்மா மூக்கில் குழாயும் கையில் சின்ன சிலிண்டருமாக மெதுவாக இறங்கி வந்தார். அந்த நாளையும் அந்த நேரத்தையும் வேண்டுமென்றேதான் பார்த்து வந்திருக்கிறார். எனக்குப் புரிந்தது.

"வண்டியில ரெண்டு பேட்டரி கீது. வேற கடையில ஒரு வாரம் முன்னாடி சார்ஜ் போட்டது. நாளைக்கு ஏரிக்கரைக்குப் போறோம். எடுத்தும்போலாமா?" என்றார்.

"பாத்துட்டுச் சொல்றேம்மா."

"டெஸ்டரு பூஜையில கீதா?"

ஆணியைக் காட்டினேன். அதன் மேல் ஒரு பொட்டுக்கூடக் கிடையாது. அவர் அதையே கொஞ்ச நேரம் பார்த்தார். எரிகிற விளக்குக்கு முன்னாலேயே டெஸ்டரை எடுத்தேன். அவர் பார்க்க, ஜீப்பிலிருந்த பாயும் திரும்பிப் பார்க்க, முதல் பேட்டரியில் அழுத்தி வாய்விட்டு எண்ணினேன். பத்து வரைக்கும் முள் அசையாமல் நின்றது. இரண்டாவதில் அழுத்தினேன். ஏழு எண்ணும்போது முள் இறங்கியது. மறுபடி ஒருமுறை பார்த்தேன், மறுபடியும் இறங்கியது.

மறுநாள் போகிறவர்கள், ஒரு வருஷம் கழித்து என்னை நம்பி வந்தவர்கள். அந்த அம்மா ஆசையாகப் புதுச் செருப்பு போட்டிருந்தார். "இது தேறாதும்மா," என்றேன். "நாளைக்குப் போவாதீங்க. வேற பேட்டரி சார்ஜ் போட்டு, ஒரு நாள் பூரா மெஷின ஓட்டிப் பாத்துட்டுத்தான் அனுப்புவேன். நாலு நாள் ஆவும்."

அவர் குனிந்து அந்தப் புதுச் செருப்பைப் பார்த்தார். கோபம் என்று நினைத்தேன். அப்புறம் ஜீப்பைப் பார்த்துக் குரல் கொடுத்தார்.

"ஏங்க, எறங்கி வாங்க. இந்த அண்ணங்கிட்டயே வச்சுக்கலாம்."

பாய் இறங்கி வந்தார். தெருவிலேயே செருப்பைக் கழற்றினார். நான் நீட்டிய பொரியைக் கை நீட்டி வாங்கிக்கொண்டார். நாலு நாள் கழித்துப் போனார்கள். அன்றைக்கு மத்தியானம் இரண்டரை மணிக்குப் பாயின் போன் வந்தபோது எனக்கு உயிரே போய் வந்தது. எடுத்துக் காதில் வைத்தேன்.

"அவ டீ குடிக்கறாண்ணே," என்றார். "சூடா."